ரிமோட் மக்கர் செய்தால் கடை திறக்காதா?

தருமபுரி, அரூர் கடைவீதிகளில் கொக்கி மாட்டி இழுக்கும் ஷட்டர்களுக்கு நடுவே இப்போது மோட்டார் ஷட்டர்களும் வந்துவிட்டன. பட்டனைத் தட்டினால் ஏறுகிறது, நல்லதுதான். ஒருநாள் காலை ரிமோட் மக்கர் செய்தால்? மருந்துக்கடை வாசலில் சீட்டோடு நிற்பவர் என்ன செய்வார்?

பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். தூரத்திலிருந்து திறந்தது, இன்று ஷட்டரை ஒட்டி நின்றால்தான் திறக்கிறது என்றால் பேட்டரி தீர்கிறது என்று அர்த்தம். ரிமோட்டில் சிவப்பு விளக்கு எரிவதை நம்பக் கூடாது. விளக்குக்குப் போதுமான மின்சாரம் சிக்னலுக்குப் போதாமல் போகலாம். புது பேட்டரியிலும் அசையாவிட்டால் இன்னொரு ரிமோட்டை அழுத்திப் பார்க்க வேண்டும். அதில் திறந்தால், பழையதை ரிசீவரில் மறுபடி பதிய வைத்துப் பார்க்கலாம்.

உண்மையான சிக்கல் வேறு. அந்த ரிசீவர், சுவர் பட்டன், கையால் இழுக்கும் சங்கிலி எல்லாம் பெரும்பாலும் கடைக்கு உள்ளே! வேறு வாசல் இல்லாத கடைக்காரர் வெளியே நின்று கைபிசைய வேண்டியதுதான். கரண்ட் போனாலும் இதே கதி. 2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்நாடு பட்ட மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படியிருந்தும், வெளியிலிருந்தே சாவி போட்டு மோட்டாரை விடுவித்துக் கையால் தூக்கும் வசதியைப் பொருத்தும் அன்றே கேட்டு வாங்காமல், ரிமோட் எத்தனை தருவீர்கள் என்று பேரம் பேசுவது என்ன கணக்கோ!