கோ, வெண்ட், கான்: இதுவும் ஒரு மந்திரமா?

நம் நாட்டில் அர்த்தம் தெரியாமல் சொல்லப்படுகிற காரியத்துக்கு இருக்கும் மதிப்பு, அர்த்தம் தெரிந்து சொல்லப்படுகிற காரியத்துக்கு இல்லை. கோயிலில் அர்ச்சகர் சொல்லுவது சொல்லுகிறவருக்கும் பல சமயம் விளங்குவதில்லை, கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறவருக்கும் விளங்குவதில்லை. விளங்கிவிட்டால் மகிமை போய்விடும் என்பதுதான் அதிலுள்ள இரகசியம். இந்த வியாதி கோயிலோடு நின்றிருந்தால் ஒரு பங்கு கஷ்டம்தான். ஆனால் அது பள்ளிக்கூடத்துக்குள்ளும் நுழைந்து, இங்கிலீஷ் பாடத்தின் மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

தென்காசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துச் சுவர் ஓரமாக நின்று காது கொடுத்தால், "கோ – வெண்ட் – கான், கம் – கேம் – கம், ஈட் – ஏட் – ஈட்டன்" என்று நாற்பது பிள்ளைகள் ஒரே இராகத்தில் ஓதுவதைக் கேட்கலாம். ஓதி முடித்த பையனை நிறுத்தி, "தம்பி, நேற்று எங்கே போனாய்? இங்கிலீஷிலே சொல்லு" என்று கேட்டால் விழிக்கிறான். வெண்ட் என்ற வார்த்தை அவன் வாயில் இருக்கிறது. அது தன் கால் நடந்த நடையைச் சொல்லும் வார்த்தை என்பது மாத்திரம் அவனுக்குத் தெரியாது. இதை மந்திரம் என்னாமல் வேறு என்னவென்று சொல்லுவது?

இங்கிலீஷ் அறியாத தோழர்களுக்காக விஷயத்தைச் சிறிது விளக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பாஷையிலே நடந்து முடிந்த காரியத்தைச் சொல்ல, வினைச்சொல்லின் வாலில் "எட்" என்று ஒன்றை ஒட்டினால் போதும். வாக் என்பது வாக்டு ஆகும். பிளே என்பது பிளேடு ஆகும். ஆனால் ஏறக்குறைய இருநூறு வினைகள் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதில்லை. அவையும் எங்கோ மூலையில் கிடக்கிற வார்த்தைகளா என்றால் இல்லை. போ, வா, தின், குடி, கொடு, எடு, பார், சொல், செய் என்று வாயைத் திறந்தால் வருகிற வார்த்தைகளெல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே இவற்றைத் தாண்டாமல் எந்தப் பிள்ளையும் ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது. கிராமத்துப் பிள்ளை இங்கிலீஷில் முதன்முதல் தடுக்கி விழுகிற படி இதுதான்.

சரி, "கோ என்பது ஏன் சார் வெண்ட் ஆச்சு?" என்று ஒரு பிள்ளை கேட்கிறது. "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்பதுதான் கிடைக்கும் பதில். ஏன் என்று கேட்டால் அது அப்படித்தான் என்று சொல்லுவது சாஸ்திரக்காரர்களுடைய வழக்கமல்லவா? உபாத்தியாயருக்கு அது ஏன்? உண்மையில் இதற்குக் காரணம் இருக்கிறது. "வெண்ட்" என்பது "கோ" என்பதன் பிள்ளையே அல்ல. "வெண்டு" என்று போவதைக் குறிக்கும் வேறொரு பழைய சொல் இங்கிலீஷில் இருந்தது. அதன் இறந்தகால உருவத்தைக் "கோ" சுவீகாரம் எடுத்துக்கொண்டது. இந்த ஒரு கதையைச் சொன்னால் பிள்ளை சிரிக்கும், சாகும்வரை மறக்காது.

நிற்க, நம் பாஷையைச் சிறிது பாருங்கள். விடு என்றால் விட்டான், நடு என்றால் நட்டான். அப்படியானால் எடு என்றால் எட்டான் என்றல்லவா வர வேண்டும்? எடுத்தான் என்கிறோம். படு என்ற ஒரே சொல், பாயிலே என்றால் படுத்தான், கஷ்டம் என்றால் பட்டான். வா என்பது வந்தான், சா என்பது செத்தான், காண் என்பது கண்டான். இவ்வளவு கோணலையும் எந்தப் பிள்ளை வாய்ப்பாடு வைத்துப் படித்தது? எந்த உபாத்தியாயர் பிரம்பு எடுத்துக் கற்றுக்கொடுத்தார்? பீடி சுற்றுகிற தாயின் மடியிலும், தெருப்புழுதியிலும், கூட்டாளிகளோடு சண்டை போட்டும் சமாதானம் ஆகியும் நாலு வயதுக்குள் படித்து முடித்துவிட்டது. இதே பிள்ளையைத்தான் பத்து வயதிலே, "இவனுக்கு மண்டையிலே ஒன்றும் ஏறாது" என்று கடைசிப் பலகைக்குத் தள்ளுகிறார்கள்.

இங்கிலீஷ்காரன் வீட்டுப் பிள்ளையும் முதலில் தப்பாகத்தான் பேசுகிறது. கோ என்பதோடு எட்-ஐ ஒட்டி "கோட்" என்கிறது. அது எங்கும் கேட்காத வார்த்தை. அப்படியானால் அந்தப் பிள்ளை கிளியைப்போல் சொன்னதைச் சொல்லவில்லை, தானே ஒரு சட்டத்தைக் கண்டுபிடித்து எல்லாவற்றுக்கும் போட்டுப் பார்க்கிறது என்றுதானே அர்த்தம்? 1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க அம்மையார், உலகத்திலேயே இல்லாத வார்த்தைகளை உண்டாக்கிக் குழந்தைகளிடம் கொடுத்து, அவர்கள் அவற்றுக்கும் சட்டப்படி வால் ஒட்டுகிறார்கள் என்று காட்டினார். தப்பிலே இருப்பது பகுத்தறிவு. அங்கே பிள்ளை "கோட்" என்றால் தாய் தகப்பன் சிரித்து முத்தம் கொடுக்கிறார்கள். இங்கே முட்டியில் அடி விழுகிறது.

இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். 2007இல் ஹார்வர்டு ஆராய்ச்சிக்காரர்கள் "நேச்சர்" பத்திரிகையில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பழைய இங்கிலீஷில் சட்டத்துக்கு அடங்காத 177 வினைகளை எடுத்துக்கொண்டு பார்த்ததில், இன்றைக்கு 98தான் அடங்காமல் நிற்கின்றன. மற்றவை எட்-க்கு அடங்கிப்போயின. ஹெல்ப் என்பதற்கு ஒரு காலத்தில் "ஹோல்ப்" என்று இருந்தது, இப்போது "ஹெல்ப்டு". எவை அடங்கின, எவை அடங்கவில்லை? ஜனங்கள் நாள்தோறும் வாயில் வைத்துப் புழங்கினவை நிலைத்தன, புழங்காதவை போய்விட்டன. ஒரு நாட்டு ஜனங்களே புழங்காத உருவத்தை ஞாபகம் வைக்க முடியவில்லை என்றால், வாரத்தில் ஒரு நாள் ஓதுகிற நம் பிள்ளை எப்படி வைக்கும்?

ஆகவே வேண்டியது புழக்கம். வீட்டிலும் தெருவிலும் இங்கிலீஷ் இல்லாத பிள்ளைக்கு அந்தப் புழக்கத்தை எங்கே உண்டாக்குவது? விளையாட்டிலேதான். தன்னை மறந்து, நாணம் விட்டு, ஒரே வார்த்தையை நூறு தடவை சலிக்காமல் சொல்லுகிற இடம் பிள்ளைகளுக்கு வேறு இல்லை.

செங்கோட்டை ரோட்டிலுள்ள ஒரு கிராமத்துப் பள்ளியில் ஓர் உபாத்தியாயினி செய்கிறதை நாம் பார்த்தோம். தரையிலே சுண்ணாம்புக் கட்டியால் பாண்டிக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வினையை எழுதுகிறார். பிள்ளை சில்லை எறிகிறது. சில்லு விழுந்த கட்டத்து வினையை, "நேற்று நான்" என்று ஆரம்பித்து வாக்கியமாகச் சொல்லிவிட்டு நொண்டி அடிக்க வேண்டும். சொல்ல முடியாவிட்டால் கூட்டாளிகள் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை அதை வாயால் திருப்பிச் சொன்ன பிறகுதான் கால் தூக்கலாம்.

இன்னொன்று குற்றாலக் கதை. வட்டமாக உட்காருகிறார்கள். முதல் பிள்ளை, "நேற்று நான் குற்றாலம் போனேன்" என்கிறது: வெண்ட். அடுத்தது அதையும் சொல்லி, "ஒரு குரங்கைப் பார்த்தேன்" என்று சேர்க்கிறது: ஸா. அதற்கடுத்தது, "குரங்கு என் பழத்தை எடுத்தது": டுக். பிறகு ஓடினேன், விழுந்தேன்: ரேன், ஃபெல். கடைசியாக ஒரு சிறுமி, "நான் அழுதேன்" என்று முடித்தது. உபாத்தியாயினி கரும்பலகையில் "கிரைடு" என்று எழுதிக் காட்டினார். போனது, பார்த்தது, ஓடியது, விழுந்தது எல்லாம் சட்டத்துக்கு அடங்காதவை. அழுவது ஒன்றுதான் இங்கிலீஷிலும் ஒழுங்காக இருக்கிறது! குற்றாலத்தில் குளித்தால் தலைமுறைப் பாவம் தொலையும் என்று சொல்லுகிறார்கள். அந்த அருவியினால் இருபது பிள்ளைகளின் வாய்ப்பூட்டுத் திறந்ததை நாம் கண்ணால் கண்டோம், பாவத்தின் கணக்கு நமக்குத் தெரியாது.

சீட்டு ஆட்டமும் உண்டு. இந்த வினைகள் பார்வைக்குத் தாறுமாறாக இருந்தாலும் குடும்பம் குடும்பமாக இருக்கின்றன. ஸிங் – ஸேங் – ஸங், ரிங் – ரேங் – ரங், டிரிங்க் – டிரேங்க் – டிரங்க் என்பது ஒரு குடும்பம். கட், புட், ஹிட், ஷட் என்று எந்தக் காலத்திலும் மாறாதவை ஒரு குடும்பம். நம் வைதிகரைப் போல! பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, ஓர் அட்டைக்கு ஓர் உருவம் எழுதி, குடும்பம் சேர்க்கிறவர் ஜெயித்தார் என்று வைத்தால், பிள்ளைகள் ஓசையைக் கேட்டு இனம் பிரிக்கத் தாங்களே கற்றுக்கொள்ளுகிறார்கள்.

பரமபதப் படத்தைக்கூட நாம் விட வேண்டியதில்லை. பாவம் செய்தால் பாம்பு வாய், புண்ணியம் செய்தால் ஏணி, உச்சியிலே வைகுண்டம் என்று பயத்தையும் ஆசையையும் காட்டிப் பிள்ளைகளைப் பிடிக்க உண்டான படம் அது. அதிலும் ஏறுவதும் இறங்குவதும் தாயக்கட்டையின் தலையெழுத்து, ஆடுகிறவனின் அறிவு அல்ல. அதே படத்தில் பாம்பு வாய்க்குப் பக்கத்தில் ஒரு வினையை எழுதி, சரியாகச் சொன்னால் பாம்பு கடிக்காது என்று மாற்றிவிட்டால் தலையெழுத்துப் போய் அறிவு வந்துவிடுகிறது. வைகுண்டத்தை அடித்துவிட்டுத் தென்காசி ரயில் ஸ்டேஷன் என்று எழுதிக்கொள்ளலாம். அங்கே போனவர் திரும்பியாவது வரலாம்.

இதெல்லாம் புதிதாக முளைத்த பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். 1979 முதல் 1984 வரையில் சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு என்பவர், பெங்களூர், சென்னை முதலிய ஊர்களில் சாதாரணப் பள்ளிகளிலே ஒரு சோதனை நடத்தினார். இலக்கண வாய்ப்பாடு இல்லை, கூட்டாக ஓதுதல் இல்லை. ரயில் கால அட்டவணை, ஊர்ப் படம் இவற்றைக் கொடுத்து, இந்த வண்டியில் போனால் எந்த வண்டியைப் பிடிக்கலாம் என்பதுபோல் யோசித்துச் சொல்லவேண்டிய கேள்விகளைக் கேட்டார். அதைச் சரியாக விளையாட்டு என்று சொல்ல முடியாது, புதிர் என்று சொல்லலாம். புத்திக்கு வேலை கொடுத்தால் பாஷை பின்னாலேயே வரும் என்பது அவருடைய கொள்கை. 1985இல் வெளியான பரிசோதனையில், இலக்கண உருவங்களை மாத்திரம் கேட்ட பரீட்சையில் பழைய முறைப் பிள்ளைகள் சளைக்கவில்லை. ஆனால் படித்துப் புரிந்துகொள்ளுவதிலும் கேட்டு எழுதுவதிலும் பெரும்பாலும் புதுமுறைப் பிள்ளைகளே முன் நின்றார்கள். பிறகு 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் பரவியது. உபாத்தியாயர் நாற்காலியை விட்டு இறங்கிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் ஆடலும் பாடலும் அட்டையும் இருக்கின்றன.

அந்தத் தரையில் உட்காருவதைத்தான் நாம் பெரிதாக நினைக்கிறோம். தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் ரயில் பாதையிலேதான் சேரன்மாதேவி இருக்கிறது. வ. வே. சு. அய்யரின் குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போடப்பட்டதும், 1925 வாக்கில் அதன்மேல் எழுந்த கிளர்ச்சியும் நம் தோழர்கள் அறிந்தவை. அன்று எந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று சண்டை. இன்று பந்தி ஒன்றாகிவிட்டது. ஆனால் வகுப்பிலே முன்பலகை, பின்பலகை என்று வேறொரு பந்தி நடக்கிறது. வீட்டிலே படித்தவர் இருக்கிற பிள்ளை ஒப்பித்துவிட்டு முன்னே உட்காருகிறது. பீடிக்காரர் வீட்டுப் பிள்ளை, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை பின்னே போகிறது. பிறகு "சரஸ்வதி கடாட்சம் வேண்டும்" என்று அதன் பேனாவைச் சாமி காலடியில் வைத்து வாங்குகிறார்கள். ஞாபகசக்தி ஒன்றையே யோக்கியதை என்று வைத்து ஒரு கூட்டம் இந்த நாட்டை எவ்வளவு காலம் ஆண்டது என்பதை அறிந்த நாம், அதே தராசை நம் பள்ளிக்கூடத்தில் தொங்கவிடுவது என்ன நியாயம்? பாண்டிக் கட்டத்துக்கு முன்பலகை கிடையாது. ஆணும் பெண்ணும், எந்தத் தெருப் பிள்ளையும், ஒரே கோட்டில் ஒரே காலில்தான் நிற்க வேண்டும்.

இதற்கு ஆட்சேபமும் இருக்கிறது. "பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனா பாண்டி வெளையாடச் சொல்லித் தாராவ. இதுக்கு வீட்லயே கெடக்கலாம்லா?" என்று ஒரு தகப்பனார் அந்தக் கிராமத்திலேயே நம்மிடம் சொன்னார். அவர் பேரில் குற்றமில்லை. கஷ்டப்படுவதுதான் படிப்பு என்று அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நாம் அவரை அழைத்துப்போய் அவருடைய மகளையே குற்றாலக் கதை சொல்லச் செய்தோம். மகள் மூச்சு விடாமல் இங்கிலீஷில் சொன்னதைக் கேட்டு, "இதுல குரங்கு எங்க வருது?" என்று அவர் கேட்க, மகள் தமிழில் விளக்க, தகப்பனும் மகளும் பேசிக்கொண்டே போனார்கள்.

ஆனால் எல்லா விளையாட்டும் நல்ல விளையாட்டு அல்ல. தப்பாகச் சொன்னவன் "அவுட்", வெளியே போ என்கிற ஆட்டம் பல பள்ளிகளில் நடக்கிறது. அதிலே யாருக்குப் பழக்கம் அதிகம் வேண்டுமோ அந்தப் பிள்ளைதான் முதல் நிமிஷத்தில் வெளியே போய், மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்கிறது. இது பின்பலகைக்கே விளையாட்டு என்று பெயர் வைத்ததாகும். அதுபோலவே வினையை மாத்திரம் தனியாகக் கத்தி, வேகமாகக் கத்தினவருக்குப் பரிசு என்பதும் பழைய மந்திரத்துக்குக் கைதட்டல் சேர்த்ததுதான். வாக்கியம் வர வேண்டும், அந்த வாக்கியம் பிள்ளையின் சொந்தச் சங்கதியாக இருக்க வேண்டும், தப்பு சொன்ன பிள்ளை ஆட்டத்திலேயே இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் மணியடித்துப் பாடம் நடத்துவதே மேல்.

தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை, சுரண்டைப் பக்கங்களில் படிப்பகமும் மாலை வகுப்பும் நடத்துகிற நம் தோழர்கள் வருகிற சாரல் காலத்துக்குள் இதை ஆரம்பிக்கலாம். ஒரு சுண்ணாம்புக் கட்டி, நாலு அட்டைப்பெட்டி, ஒரு கத்தரிக்கோல் இவற்றுக்கு மேல் செலவில்லை. வாரத்துக்கு ஆறு வினை போதும். போ, வா, பார், தின், எடு, கொடு என்பதிலிருந்து ஆரம்பிக்கட்டும். தங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டங்களில் எது எதை எப்படி மாற்றினார்கள், எந்த ஆட்டத்தில் வாய் திறக்காத பிள்ளை வாய் திறந்தது என்பதை எழுதி நம் பத்திரிகைக்கு அனுப்பினால், மற்ற ஊர்த் தோழர்களுக்கும் பிரயோஜனப்படும்.