வாலுக்கு ஒரு காசு

சம்பாப் பயிர் பொதி கட்டும் நாட்களில் கோட்டுச்சேரிப் பக்கத்து வரப்புகளில் நடந்து போகிறவர், வயலோரத்துப் பயிர் செழிப்பாகவே நிற்பதைக் கண்டு திருப்தியுற்று வீடு திரும்புவது உண்டு. இறங்கி நடுவயல்வரை சென்று பார்த்தால்தான், கத்தியால் சாய்வாகச் சீவியது போல் அடித்தண்டு அறுபட்ட தூர்கள் வட்டம் வட்டமாகச் சரிந்து கிடப்பது தெரியவரும். எலி ஓரத்தை விட்டு நடுவைத் தின்கிற ஜந்து. ஆதலால் நஷ்டம் நேர்ந்து சில நாள் கழிந்த பிறகே நிலத்துக்காரருக்குச் செய்தி எட்டுகிறது. அதன் பிறகுதான் அவர் எலி பிடிக்கும் கிட்டிக்காரரைத் தேடி ஆள் அனுப்புகிறார்.

நம் டெல்டாவில் வயலுக்குத் தீங்கு செய்யும் எலிகளில் கரம்பை எலி, புல் எலி, வயல் சுண்டெலி எனப் பல ஜாதிகள் உண்டெனினும், விவசாயியை மெய்யாகவே கலங்கவைப்பது முதலாவதுதான். அது வயிற்றுக்குத் தின்பதோடு நில்லாமல் கதிர்களைக் கத்தரித்து வளைக்குள் இழுத்துச் சென்று சேமித்து வைக்கும் சுபாவம் உடையது. அறுவடைக்குப் பின் ஏழைக் கூலிக்காரர்கள் அந்த வளைகளை வெட்டி நெல் எடுத்து அடுப்பு மூட்டிய காலத்தை முதியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். அதன் கர்ப்பகாலம் ஏறக்குறைய மூன்று வாரம். ஓர் ஈற்றுக்கு ஆறு, எட்டுக் குட்டிகள் சாதாரணம். பயிர் பொதி கட்டும் காலமே அதன் வம்சவிருத்திக் காலமும் ஆகையால், நாம் விழித்துக்கொள்ளும் தருணத்தில் அதன் குடும்பம் ஏற்கெனவே பெருகிவிட்டிருக்கும்.

மூங்கிலை வில்லாக வளைத்துக் கயிறு பூட்டிச் செய்த தஞ்சாவூர்க் கிட்டி என்ற அந்த எளிய கருவியின்மீது எனக்கு நெடுநாளாகவே ஒரு மதிப்பு உண்டு. அந்தி சாயும் வேளையில் கிட்டிக்காரர் தோளில் ஒரு கட்டுக் கிட்டியோடு வரப்பேறி, ஈரச் சேற்றில் பதிந்த காலடியையும் வளை வாயில் தள்ளியிருக்கும் புது மண்ணையும் பார்த்து, இது குடியிருக்கும் வளை, இது காலி வளை என்று பிரித்தறிந்து, எலி ஓடும் தடத்தில் ஒவ்வொன்றாக வைத்துச் செல்வார். விடியுமுன் வந்து எடுத்துச் செல்வார். கூலி, எலித் தலைக்கு இவ்வளவு என்று. விஷத்துக்கு இந்தச் சாமர்த்தியம் இல்லை. துத்தநாகப் பாஸ்பைடை, உடைத்த அரிசி 96 பங்கு, எண்ணெய் 2 பங்கு, மருந்து 2 பங்கு என்று கலந்து வைக்கிறோம். கூட்டத்தில் சில செத்துப்போக, கொஞ்சமாகத் தின்று பிழைத்த எலி அந்த உணவை மறுபடி தொடாது. அதற்காகவே முதல் சில நாட்கள் மருந்து கலவாத வெறும் தீனியை வைத்துப் பழக்க வேண்டும் என்று விவசாய இலாகாவினர் சொல்கிறார்கள். அந்தப் பொறுமை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு என்பது வேறு சங்கதி. புரோமடியலோன் என்ற மருந்துக் கட்டிகளில் எலிக்கு அந்தச் சந்தேகம் எழுவதில்லை. எலி பல நாள் கழித்து, உள்ளே ரத்தம் கசிந்து சாகிறது. ஆனால் அதற்குள் தளர்ந்து திரியும் எலியைப் பிடித்துத் தின்னும் கூகைக்கும் அந்த விஷத்தில் பங்கு போய்ச் சேருகிறது.

கூகையைப் பற்றி ஒரு வார்த்தை. மயிலாடுதுறைக்கு அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள், கூகை விழுங்கிச் செரிக்காமல் உமிழும் உருண்டைகளைப் பொறுக்கிப் பிரித்து, அவற்றில் கிடந்த எலும்புகளைக் கொண்டு அதன் ஆகாரம் இன்னதென்று ஆராய்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது வயல் எலியும் சுண்டெலியுமே. கோபுரத்து மாடங்களில் குடியிருக்கும் இப்பறவையை அபசகுனம் என்று கல்லெறிந்து துரத்துகிற ஊரார், மறுநாள் காலை எலி மருந்து வாங்கக் கடைக்குப் போகிற வேடிக்கையை என்னவென்பது!

காரைக்கால்காரனாகிய எனக்கு இந்த விஷயத்தில் பிரெஞ்சுக்காரர்களின் ஞாபகம் வராமல் போவதில்லை. அவர்களுடைய கொடி இங்கே பறந்த காலத்தில், அதே கொடியின் கீழிருந்த ஹனோயில், 1902ஆம் வருஷம் பிளேக் பயத்தால் எலியை ஒழிக்கத் தொடங்கினார்கள். கூலிக்கு ஆள் வைத்துச் சாக்கடைகளில் இறக்கி, ஜூன் மாதத்தில் ஒரே நாளில் 20,000க்கும் மேல் கொன்றும் எலி குறையாமற் போகவே, வாலைக் கொண்டுவருகிற பிரஜைக்கு வால் ஒன்றுக்கு ஒரு காசு என்று விளம்பரம் செய்தார்கள். வால்கள் குவிந்தன, கூடவே, வாலில்லாத எலிகள் வீதியில் ஓடுவதும் காணப்பட்டது. வாலை மட்டும் நறுக்கிக்கொண்டு எலியை இனவிருத்திக்கு விட்டுவிட்டார்கள். சிலர் எலி வளர்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

பிரெஞ்சுக்காரர்களின் இரண்டாவது கதை முயலுடையது. ஆஸ்திரேலியாவில் 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர் வேட்டை விநோதத்துக்காக விட்ட இருபத்துச் சொச்சம் முயல்கள் கண்டம் முழுவதும் பரவியதையும், 1950இல் மிக்சோமா என்ற கிருமியை ஏவி அவற்றைக் கொன்றதையும் பலர் அறிவார்கள். அதைக் கேள்வியுற்ற அர்மான்-டெலில் என்ற பாரிஸ் வைத்தியர் 1952 ஜூன் மாதத்தில், தம்முடைய மாய்புவா பண்ணையில் இரண்டே முயல்களுக்கு அந்தக் கிருமியை ஏற்றி விட்டார். பண்ணைக்குச் சுற்றுவேலி இருந்ததால் நோய் வெளியேறாது என்பது அவருடைய நம்பிக்கை. இரண்டு வருஷத்துக்குள் பிரான்சின் காட்டு முயல்களில் பத்தில் ஒன்பது மடிந்தன. நோய் அக்கம்பக்கத்து நாடுகளுக்கும் தாவியது. வேட்டைக்காரர்கள் வழக்குத் தொடுக்க, 1955இல் அவருக்கு 5,000 பிராங்க் அபராதம் விதிக்கப்பட்டது. மறுவருஷமே, மரக்கன்றுகளைக் காத்தவர் என்று கொண்டாடி அவருக்குப் பதக்கமும் கொடுத்தார்கள்.

நம்மூர்க் காட்டு முயலுக்கு அத்தகைய பெருமை கிடையாது. எப்போதேனும் பயறுக் கொல்லையில் புகுந்து குருத்தைக் கடிக்கும். வேலி போட்டால் போதும். அதை வேட்டையாடுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எலியோ, 1972ஆம் வருஷத்துச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் காக்கை, பழந்தின்னி வௌவாலோடு தீங்குயிராகச் சேர்க்கப்பட்டிருந்தது. 2022இல் அந்த அட்டவணையே நீக்கப்பட்டது. எலிக்கு இரண்டும் தெரியாது.

ஹனோயில் வாலை எண்ணினார்கள். மாய்புவாவில் வேலியை நம்பினார்கள். நாமும் ஏறக்குறைய அதையேதான் செய்கிறோம். ஒருவர் வயலில் மருந்து வைத்தால், காலியான வளைக்கு அடுத்த வயலிலிருந்து புதுக் குடி வந்து சேருகிறது. ஒரு வாய்க்காலில் முன்பட்டமும் பின்பட்டமுமாக நடுகிறபடியால், முன்னது அறுத்ததும் எலி பின்னதற்கு மாறிக்கொள்கிறது. வரப்பு அகலமாக இருந்தால் வளை தோண்ட வசதி. அதை ஒடுக்கிக் கட்டச் சொன்னால் நடக்க வழி வேண்டாமா என்று கேட்கிறார்கள். போதாக்குறைக்கு, காரைக்கால் பிரதேசத்தைத் தமிழ்நாட்டு நிலம் மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கிறது. இரண்டு அரசு, இரண்டு விவசாய இலாகா, இரண்டு அறிவிப்பு. என்னுடைய அபிப்பிராயத்தில், பொதிப் பருவத்துக்கு வெகுமுன்பே, கோடையில் வயல் காய்ந்து எலிகள் வரப்புகளில் ஒதுங்கிக் கிடக்கும் பதினைந்து நாளில், எல்லைக்கு இருபுறமும் ஒரே சமயத்தில் வளை வெட்டியும் கிட்டி வைத்தும் முடிப்பதற்கு நிகரான உபாயம் வேறில்லை.

இந்த யோசனையை நான் ஒரு கிட்டிக்காரரிடம் சொல்லி, தலைக்கு இவ்வளவு என்பதை விட்டு ஏக்கருக்கு இவ்வளவு என்று பருவக் கூலி பேசினால் சம்மதமா என்று கேட்டேன். எலி மிகுந்தால்தான் தமக்கு வரும்படி என்ற நிலைமை அவருக்கே பிடிக்கவில்லை என்று அறிந்துகொண்டேன். ஆனாலும் அவர் தயங்கினார். "ஏக்கருக்குக் கூலின்னா பொறுப்பு என் தலையில விழுதுங்கய்யா. அடுத்த வயக்காரரு சேரலைன்னா ராவோட ராவா அங்கேருந்து வந்துடுமே, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? ஒரு வாய்க்கா முழுக்கச் சேர்ந்து பேசுங்க, வர்றேன்" என்றார். எங்கள் வாய்க்காலில் கோயில் நிலமும் உண்டு, குத்தகை நிலமும் உண்டு, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளின் நிலமும் உண்டு. கோடைக்கு முன் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கும் பிரயத்தனத்தில் இப்போது இறங்கியிருக்கிறேன்.