பாம்புப் பெட்டியில் ஈரம் எங்கே போகிறது?

‘நம் கெடா காற்றில் இல்லாத ஈரமா? அதை அளக்க ஒரு கருவி வேண்டுமா?’ கண்ணாடிப் பெட்டியில் பாம்பு வளர்க்க ஆசைப்படும் மாணவர்கள் இப்படிக் கேட்கிறார்கள். நீங்களும் அப்படி நினைக்கலாம். கருவி கட்டாயம் வேண்டும் என்பேன். காரணம் பள்ளி அறிவியலிலேயே இருக்கிறது.

காற்று சூடேறினால், அது கொள்ளக்கூடிய நீராவியின் அளவும் கூடும். 26 பாகை செல்சியஸில் 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றை விளக்கு 32 பாகைக்குச் சூடாக்கினால், ஒரு துளி நீர்கூட வெளியேறாமலே ஈரப்பதம் ஏறக்குறைய 57 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அறையில் குளிர்சாதனம் ஓடினால் அது நீராவியை நீராக வடித்து வெளியேற்றும். வட கெடாவில் ஆண்டுத் தொடக்கத்தில் வறட்சிக் காலமும் உண்டு. ஆகவே, வெளியே இருக்கும் ஈரம் பெட்டிக்குள்ளும் இருக்கும் என்று நம்ப முடியாது.

செம்பனைத் தோட்டத்துப் பாம்புக்கு இந்தக் கவலை இல்லை. வெயில் ஏறினால் வெட்டிப்போட்ட மட்டைக் குவியலுக்குள் புகுந்துகொள்ளும்; குளிர்ந்தால் வெளியே வரும். கடைகளில் விற்கும் ‘பால் பைத்தன்’ ஆப்பிரிக்காவில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் தங்கும் இனம். பெட்டி பறிப்பது இந்தத் தேர்வைத்தான். அதைத் திருப்பிக் கொடுப்பது வளர்ப்பவரின் கடமை.

பால் பைத்தனுக்குப் பெட்டியின் ஒரு பக்கம் சுமார் 32 பாகை, மறுபக்கம் 26 பாகை, ஈரப்பதம் 50 முதல் 60 விழுக்காடு இருக்கலாம். சட்டை உரிக்கும் நாள்களில் ஈரப்பாசி வைத்த ஒளிவிடம் ஒன்றும் தேவை. காற்று வறண்டால் சட்டை துண்டு துண்டாகக் கழன்று, கண்ணின் மேலும் வால் நுனியிலும் ஒட்டிக்கொள்ளும். அதற்காகப் பெட்டியைச் சேறாக்கிக் காற்றோட்டத்தை அடைத்தால் தோலில் புண்ணும் நுரையீரலில் தொற்றும் வரும்.

அடுத்து வெளிச்சம். பாம்புக்கு இமை இல்லை. வெளிச்சத்தைத் தவிர்க்கக் கண்ணை மூட முடியாது. கெடாவில் ஆண்டு முழுதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். பெட்டி விளக்கையும் அப்படியே எரியவிட்டு, இரவில் அணைத்துவிடுங்கள். வெப்பம் தரும் விளக்கைக் கம்பி வலைக்குள் வையுங்கள். தொட்டால் சூட்டுப்புண் வரும்.

புறஊதா விளக்கு தேவையா? அமெரிக்காவின் ‘கோர்ன்’ பாம்புகளுக்கு அந்த ஒளி பட்டபோது இரத்தத்தில் வைட்டமின் டி கூடியதாக 2008 ஆய்வு கண்டது. பால் பைத்தனில் அத்தகைய மாற்றம் தெரியவில்லை என்றது 2013 ஆய்வு. ஓர் இனத்துக்குப் பொருந்துவது எல்லா இனத்துக்கும் பொருந்தாது. அந்த விளக்கைப் பொருத்தினாலும் நிழலுக்கு இடம் விடுங்கள்.

தோட்டத்தில் பிடிபடும் மலைப்பாம்பைப் பெட்டியில் அடைக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். அது 2010 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் காக்கும் உயிரினம். பெர்ஹிலித்தான் உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம்.

என் கருத்து இதுதான்: பாம்பை வாங்கும் முன் வெப்பமானியும் ஈரப்பதமானியும் வாங்குங்கள். காலிப் பெட்டியில் இரண்டு வாரம் விளக்கை எரியவிட்டு, காலையும் மாலையும் அளவைக் குறித்து வாருங்கள். அந்தப் பொறுமை இல்லாதவர் பாம்பு வளர்க்க வேண்டாம். நாய்க்கு வலித்தால் முனகும், பூனை கத்தும். பாம்பு சுருண்டு கிடக்கும். நமக்கோ அது தூங்குவதாகத்தான் தோன்றும்.