ஏழைக்கு ஏது வம்சாவளி?

சாயர் என்ற வணிகரின் பெயர் தாங்கி நிற்கும் சாயர்புரத்துக்கு 1842இல் இளைஞராக வந்தார் ஜி.யு.போப். கண்டது பனங்காடு; திறந்தது கல்விச்சாலை. பின்னாளில் குறளை ஆங்கிலமாக்கி 1886இலும், திருவாசகத்தை 1900இலும் வெளியிட்டார். 1908இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் அவர் நூல் பொதுச்சொத்து என்கிறது நம் நாட்டுச் சட்டம். ஆகவே போப்பின் உழைப்பு இன்று எவர் ஒருவருக்கும் உரியதன்று, எல்லோருக்கும் உரியது! அச்சிடலாம், பரப்பலாம், தடுப்பார் எவருமில்லை. இத்தகைய பழைய நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் மதுரைத் திட்டத்திலும் காசின்றிப் படிக்கலாம்.

ஏட்டைத் தேட ஆள் உண்டு. அக்கல்விச்சாலையைச் சுற்றி வாழ்ந்த பனந்தொழிலாளியின் பெயரைத் தேட யார் உண்டு?

"குடும்ப வரலாறா? குலப்பெருமை பேசவா இயக்கம் கண்டோம்?" எனத் தோழர்கள் சிலர் சீறக்கூடும். சீற்றம் நியாயமே. ஆனால், பாளையக்காரர்களின் வம்சாவளிகளை மெக்கன்சி தொகுத்தார். சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகம் அவற்றைக் காத்து வருகிறது. பனையேறிக்கும் முத்துக்குளித்தவனுக்கும் அப்படி எழுதி வைக்கப் புலவன் வரவில்லை. ஆண்டவர்க்கு ஏடு, உழைத்தவர்க்கு மறதி! இந்த ஓரவஞ்சனைக்குப் பெயர் வரலாறாம்!

பெருமை கிடக்கட்டும், உரிமையைப் பாருங்கள். கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்று, காட்டைத் தேயிலையாக்கினர் நம் மக்கள். 1948இல் அந்நாடு குடியுரிமைச் சட்டம் செய்தது. அங்கேயே பிறந்தவனானாலும் தந்தை பிறந்ததும் அங்கேதான் என்று காட்ட வேண்டும். இயலாவிட்டால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். கூடை சுமந்தவளிடம் பூட்டனின் பிறப்புச் சான்றா இருக்கும்? இலட்சக்கணக்கானோர் நாடற்றோர் ஆயினர். 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணி ஒதுக்கியது, மூட்டை எண்ணுவது போல!

மறுபுறம் பாருங்கள். 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் சேர்ந்தது. அதில் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் பெயர், தந்தை பெயர், ஊர் ஆகியவற்றை வெள்ளைக்காரன் பதிந்தான், தன் கணக்குக்காக. அந்தக் கணக்கேட்டைப் புரட்டித்தான் இன்று கொள்ளுப்பேரர்கள் தம் ஊரைக் கண்டறிகின்றனர்.

நம் கரையிலும் அத்தகைய ஏடுகள் உண்டு. பழைய தேவாலயங்களின் திருமுழுக்குப் பதிவேடுகளில் குழந்தையின் பெயரோடு பெற்றோர் பெயரும் ஊரும் இருக்கும். பல இடங்களில் தந்தையின் தொழிலும் இருக்கும். நம் படிப்பகத் தோழர்கள் திருச்சபையாரை அணுகி, இசைவு பெற்று, அவற்றைப் படியெடுக்கட்டும். வீட்டுப் பரணையும் மறக்க வேண்டாம். அடமானப் பத்திரம், தீர்வை ரசீது, பாட்டியின் கையெழுத்து, எதுவும் குப்பையன்று. சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லத்தக்கதாக்கும் சட்டம் 1967இல்தான் அண்ணா ஆட்சியில் நிறைவேறியது. அதற்கு முன் புரோகிதரின்றி மணந்த தாத்தாவின் அழைப்பிதழ் எவர் வீட்டிலேனும் இருந்தால், கரையான் முந்துவதற்குள் படிப்பகத்துக்குக் கொண்டு வாருங்கள்.