வங்கிப் பாலில் வலு இருக்குமா?

குறைமாதக் குழந்தைக்கு, ‘தாய்ப்பால் வங்கியிலிருந்து பால் கொடுக்கலாம்’ என்று டாக்டர் சொன்னதும் பல வீடுகளில் எழும் கேள்வி: ‘சூடுபடுத்திய பாலில் எதிர்ப்பு சக்தி மிச்சம் இருக்குமா?’

நியாயமான கேள்விதான். தானமாக வரும் பாலை இந்த வங்கிகளில் கொதிக்க வைப்பதில்லை. 62.5 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடங்கள் வைத்து, உடனே குளிரவைக்கிறார்கள். ஹெச்.ஐ.வி, சி.எம்.வி வைரஸ்களும் நோய் தரும் பெரும்பாலான பாக்டீரியாக்களும் இதில் அழிந்துவிடும்.

இழப்பும் உண்டு. பாலில் உள்ள உயிருள்ள எதிர்ப்பு செல்கள் மடிந்துவிடும். கொழுப்பு செரிக்க உதவும் லைபேஸ் என்சைம் செயலிழக்கும். கிருமிகளுக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் தடுக்கும் லாக்டோஃபெரின் பெருமளவு குறையும். ஆனால், குடலுக்குக் காவலாக இருக்கும் ஐ.ஜி.ஏ புரதத்தில் பெரும்பகுதி தங்கிவிடும். நல்ல பாக்டீரியாக்களை வளர்க்கும் ஒலிகோசாக்கரைடு சர்க்கரைகளோ அப்படியே இருக்கும்.

அதனால்தான் அம்மாவின் பால் போதாத குறைமாதக் குழந்தைகளுக்கு, பவுடர் பாலைவிட வங்கிப் பாலைப் பரிந்துரைக்கிறது உலக சுகாதார நிறுவனம். குடல் திசுக்கள் அழுகும் என்.இ.சி என்ற உயிர்கொல்லி நோயின் ஆபத்து இதில் குறைவு.

‘தெரிந்தவர்தானே’ என்று பரிசோதனை இல்லாமல் பால் வாங்கி, வீட்டு அடுப்பில் சூடுகாட்டிக் கொடுக்காதீர்கள். அங்கே சூட்டுக்கும் நேரத்துக்கும் கணக்கு இருக்காது.

பெற்ற தாயின் பாலுக்குப் பொதுவாக இந்தச் சூடு தேவையில்லை. அதன் காவல் முழுதாகக் கிடைக்கும். எனவே வங்கிப் பால் தொடங்கினாலும், பால் பீய்ச்சுவதை அம்மா நிறுத்த வேண்டாம். ஒரு ஸ்பூன் சுரந்தாலும் முதலில் அதுதான் குழந்தைக்கு!