‘நுரையீரல் ஒத்துழைக்கவில்லை’: ஒரு சொல்லுக்குள் மறையும் பொறுப்புகள்

“அறுவை சிகிச்சை வெற்றி, நுரையீரல்தான் ஒத்துழைக்கவில்லை.” இதய வால்வு மாற்றப்பட்டபின் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே உயிரிழந்தவர்களின் குடும்பத்தார் சட்ட உதவி நாடி வரும்போது, பெரும்பாலும் இந்த ஒற்றை வரியைத்தான் சுமந்து வருகின்றனர். மருத்துவர்மீது வழக்குத் தொடுக்கலாமா என்பதே அவர்களது முதல் கேள்வி. அது நியாயமான கேள்வி. ஆனால் அதோடு நின்றுவிட்டால், பொறுப்பேற்க வேண்டிய பலர் தப்பிவிடுகின்றனர்.

முதலில் மருத்துவ உண்மையை அறிவோம். இதய அறுவை சிகிச்சையின்போது இதய–நுரையீரல் இயந்திரத்தின் வழியே குருதி உடலுக்கு வெளியே சுழல்கிறது. அது உடல் முழுவதும் அழற்சியைத் தூண்டுகிறது. நெஞ்செலும்பைப் பிளந்த வலியால் நோயாளி ஆழ மூச்சிழுக்கவோ இருமவோ இயலாது. சளி தேங்கி நிமோனியா வரலாம். நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கலாம். உதரவிதானத்தை இயக்கும் நரம்பு பாதிக்கப்படலாம். இவற்றுள் கொடியது, காற்றுப்பைகளில் நீர் நிரம்பி மூச்சு முற்றிலும் செயலிழக்கும் நிலை. அது சிலருக்கே நேர்கிறது. நேர்ந்தவர்களில் பலர் பிழைப்பதில்லை. சிறந்த மருத்துவமனையிலும் இது நிகழக்கூடும். எனவேதான் விளைவு மோசமாக அமைந்தது என்பதாலேயே மருத்துவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதை நாம் மறுக்கவில்லை.

நாம் கேட்பது வேறு: அந்த நுரையீரல் எந்த நிலையில் அறுவை அரங்குக்குள் வந்தது?

ஏழைகளின் வால்வு நோய்க்கு முதன்மையான காரணம் வாதக் காய்ச்சல். குழந்தைப் பருவத்தில் வரும் தொண்டைத் தொற்றுக்கு உரிய மருந்து கிடைக்காதபோது அது உருவாகிறது. ஒரே அறையில் ஆறேழு பேர் உறங்கும் வீடுகளில் அத்தொற்று எளிதில் பரவும். ஊருக்கு வெளியே, குறுகிய நிலத்தில் சேரியை ஒதுக்கி வைத்த சாதியமைப்புக்கும் அந்த நெருக்கடிக்கும் உள்ள தொடர்பை விளக்கத் தேவையில்லை. மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி, மீண்டும் காய்ச்சல் வந்து வால்வு மேலும் சிதைவதைத் தடுக்கும். அதுவும் தவறும்போது வால்வு சுருங்கி, குருதியின் அழுத்தம் ஆண்டுக்கணக்கில் பின்னோக்கி நுரையீரலைத் தாக்குகிறது. அறுவை சிகிச்சை தள்ளிப்போகத் தள்ளிப்போக நுரையீரல் தாங்கும் வலுவை இழக்கிறது. இத்துடன் கல்குவாரித் தூசு, குப்பைக் கிடங்குப் புகை, சாக்கடை நச்சுவாயு, விறகடுப்பு ஆகியவையும் சேர்கின்றன. ஆகவே ‘ஒத்துழைக்காத’ நுரையீரல் ஒரே நாளில் உருவானதன்று.

சட்டம் இதைக் காணாமல் இல்லை. தொழிலாளரின் உடல்நலமும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று, கல்நார்த் தொழிலாளர் தொடர்பான நுகர்வோர் கல்வி ஆய்வு மைய வழக்கில் (1995) உச்ச நீதிமன்றம் கூறியது. பணிக்காலம் முடிந்த பின்னும் அந்த உரிமை தொடரும் என்றும் சொன்னது. சிகிச்சையின் தன்மை, இடர், மாற்றுவழி ஆகியவற்றை விளக்கிப் பெறுவதே ஒப்புதல் என்கிறது சமீரா கோலி தீர்ப்பு (2008). ஆங்கிலப் படிவத்தில், அறுவைக்கு முந்தைய இரவில், “இங்கே கைநாட்டு வையுங்கள்” என்று வாங்குவது அந்த ஒப்புதலாகாது. ‘நுரையீரலுக்கு ஆபத்து நேரலாம்’ என்று தமிழில் சொல்லியிருந்தால், எத்தகைய மருத்துவமனையில், எப்போது செய்துகொள்வது என்று குடும்பம் சிந்தித்திருக்கும்.

உயிர்பிழைத்தவரின் நிலையும் இதே கதைதான். 2018இல் தொடங்கிய பிரதம மந்திரி ஜன ஆரோக்கியத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழங்குகிறது. வீடு திரும்பியபின் 15 நாள்களுக்கான செலவு மட்டுமே அதில் அடங்கும். நுரையீரலைச் சுற்றி நீர் கோப்பதோ வாரங்கள் கழித்தும் நிகழலாம். உதரவிதானம் மீள மாதங்கள் ஆகலாம். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு இல்லையெனில், மூச்சிரைக்க இரைக்க அவர் மீண்டும் துடைப்பத்தைப் பிடித்தாக வேண்டும்.

தோழர்களும் மாணவர்களும் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மருத்துவ ஆவணங்களை எழுத்துமூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் அவற்றைத் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு விதி. ஒப்புதல் படிவம், அறுவைக்கு முன் செய்த நுரையீரல் சோதனைகள், செயற்கைச் சுவாசக் குறிப்புகள், கிருமிச் சோதனை முடிவுகள் ஆகியவற்றைத் தவறாமல் பெறுங்கள். தவிர்க்க இயலாத சிக்கல் எது, கவனக்குறைவு எது என்பதை அவைதாம் காட்டும்.

அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் நான்கு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பென்சிலின் ஊசி தடையின்றிக் கிடைக்க வேண்டும். தூசிலும் புகையிலும் உழைப்போருக்கு ஆண்டுதோறும் நுரையீரல் சோதனை வேண்டும். அறுவைக்கு முன்னும் பின்னும் அளிக்கும் சுவாசப் பயிற்சியும் நீண்டகாலத் தொடர் சிகிச்சையும் காப்பீட்டில் சேர்க்கப்பட வேண்டும். ஒப்பந்தப் பணியாளருக்கு, குணமடையும் காலம் முழுவதும் ஊதியம் வேண்டும். இவை நிறைவேறாதவரை ஒவ்வோர் இறப்பின்போதும் நுரையீரல்மீதே பழி விழும். அதைச் சிதைத்தவர்கள் விசாரணைக்கு வெளியே இருப்பார்கள்.