கோதுமை விலக்கிய சமையலறை

திருக்கோயில் மடைப்பள்ளியில் நைவேத்தியத்துக்கென்று வைத்த பாத்திரத்தை வேறொன்றுக்கு எடுப்பதில்லை. இல்லங்களிலும் மடிச் சமையலுக்கெனத் தனி உருளியும் தனிக் கரண்டியும் வைத்திருந்த வழக்கத்தை மூத்தோர் அறிவர். அந்த ஒழுங்கு இன்று சில குடும்பங்களில் ஒரு குழந்தையின் உடல்நலத்தைக் காக்கும் துணையாக நிற்கிறது. சீலியாக் என்னும் நோய் கண்ட இல்லங்கள் அவை.

கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உள்ளது. இந்நோய் உடையவர்கள் அதை உண்டால் உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் உட்புறத்தைத் தாக்கும். சத்தை உறிஞ்ச வேண்டிய பகுதி தேய்ந்துபோகும். வயிற்றுப்போக்கு, உப்புசம், இரத்தசோகை, எலும்பு வலுவிழத்தல், குழந்தைகளிடத்தில் வளர்ச்சி குன்றுதல் ஆகியவை நேரலாம். சிலருக்கு வயிற்றில் ஒரு தொல்லையும் தோன்றாமலே உள்ளே சேதம் தொடரும். நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கே, கோதுமையை நீக்கினால் இக்குழந்தைகள் தேறுவதைக் கண்டு, 1950-ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் அதை எடுத்துரைத்தார். வாழ்நாள் முழுதும் குளூட்டனை அறவே விலக்குவதே இன்றும் இதற்குரிய சிகிச்சை. ஆனால் மருத்துவப் பரிசோதனைகள் முடியுமுன் கோதுமையை நிறுத்திவிடலாகாது. நிறுத்தினால் நோய் சோதனையில் புலப்படாமல் போகக்கூடும்.

இட்லி, இடியாப்பம், வெண்பொங்கல், அடை, சுண்டல் எனத் தமிழர் சமையலில் பெரும்பகுதி அரிசியையும் பருப்பையும் நம்பியது. ஆதலால் இனி அச்சமில்லை என்று எண்ணுவது இயல்பு. ஆனால் சாம்பாரிலும் ரசத்திலும் புளியோதரையிலும் சேரும் பெருங்காயத்தைப் பலரும் கருதுவதில்லை. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம், தூளாயினும் கட்டியாயினும், பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்தது. அரிசி மாவு சேர்த்ததும் உண்டு. உறையைப் படித்தே வாங்க வேண்டும். ரவையும் மைதாவும் கோதுமையே. கேழ்வரகுச் சேமியா என விற்பதிலும் கோதுமை கலந்திருப்பது உண்டு. மால்ட் சேர்ந்த சத்துபானங்களில் இருப்பது வாற்கோதுமை. குளூட்டன் அற்றது என்று அச்சிட்ட பொருளில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கலாகாது என்பது நம் நாட்டு விதி. எவ்வளவு சிறிய அளவு கணக்கில் வருகிறது என்பதை இதிலிருந்து உணரலாம்.

ஆகவே பழைய மடி ஒழுங்கு இங்கே பயன்படுகிறது. சப்பாத்தி இட்ட கல்லில் அக்குழந்தைக்குத் தோசை வார்க்கலாகாது. பூரி பொரித்த எண்ணெயில் வடை தட்டலாகாது. கோதுமை அரைத்த மாவு மில்லில் அரிசியை அரைக்கக் கொடுப்பதைவிட, கழுவி உலர்த்தி வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலிப்பது நலம். தோசைக்கல், கரண்டி, சல்லடை, பெருங்காய டப்பா ஆகியவை தனியே இருக்கட்டும். குடும்பம் முழுவதற்கும் ரசமும் குழம்பும் கோதுமை சேராத பெருங்காயத்திலேயே செய்துவிட்டால் இரட்டைச் சமையல் வேலையும் குறையும்.

விரத நாள்களில் இன்னொரு சிக்கல் எழுகிறது. ஏகாதசியன்றும் அமாவாசை, சனிக்கிழமை இரவுகளிலும் அரிசியை விலக்கிப் பலகாரம் உண்ணும் இல்லங்களில் ரவை உப்புமாவும் கோதுமை தோசையுமே முதலில் நினைவுக்கு வரும். அவற்றுக்கு ஈடாகச் சாமை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றில் உப்புமா கிளறலாம். ஜவ்வரிசிக் கஞ்சியும் பாசிப்பருப்புச் சுண்டலும் அவரவர் குல வழக்கத்துக்கு ஏற்பப் பொருந்தும்.

சந்நிதியில் கிடைக்கும் பிரசாதத்தை என்ன செய்வது? கேசரியும் பெருங்காயம் சேர்ந்த புளியோதரையும் அக்குழந்தைக்கு ஆகா. "சுவாமி பிரசாதம், ஒரு வாய் உண்டால் ஒன்றும் ஆகாது" என்று அன்பினால் வற்புறுத்தும் பெரியோரால்தான் பல குழந்தைகள் மீண்டும் மீண்டும் துன்புறுகின்றன. பிரசாதத்தை இரு கைகளால் ஏற்றுக் கண்களில் ஒற்றிக்கொண்டு உடன் வந்தவரிடம் கொடுத்துவிடுவதில் எந்த அவமரியாதையும் இல்லை. தீர்த்தம், துளசி, திருநீறு, அர்ச்சனைத் தேங்காய், வாழைப்பழம் ஆகியவற்றைத் தடையின்றிப் பெறலாம்.

வீட்டிலேயே நிவேதித்து அக்குழந்தைக்கே முதலில் அளிக்க, முருகப் பெருமானுக்கு உகந்த தினைமாவு ஏற்றது. தினை அரிசி ஒரு கிண்ணம் எடுத்து, கல்லும் பிற தானியமும் இல்லாமல் பொறுக்கி, கழுவி உலர்த்த வேண்டும். வாணலியில் மணம் வரும்வரை வெறுமனே வறுத்து, ஆறியபின் மிக்ஸியில் அரைத்துச் சலிக்க வேண்டும். முக்கால் கிண்ணம் பொடித்த வெல்லம், இரண்டு ஏலக்காயின் பொடி, இரண்டு தேக்கரண்டி உருக்கிய நெய் சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடிக்கும் பதம் வரும்வரை தேன் விட வேண்டும். கிருத்திகையன்று இதையே நிவேதித்தால், வீட்டில் அனைவரும் ஒரே தட்டிலிருந்து எடுத்து உண்ணலாம்.